வாப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பது யார்?

(மஹல்லா இளைஞர்களும் கடைவீதி வணிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக என்ன பேசப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். இட ஒதுக்கீடு, வக்ஃபு சொத்து, தேர்தல், கல்வி உதவித்தொகை. அவற்றைப் பேச என்னைவிட வல்லவர்கள் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் அரை மணி நேரத்தில் நான் நம் வீடுகளின் உள் அறையைப் பற்றிப் பேசப் போகிறேன். மூத்திரம், மலம், புண், நாற்றம் எல்லாம் இந்தப் பேச்சில் வரும். முகம் சுளிக்காமல் கேளுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நம் மஹல்லாவில் எத்தனை வீடு, எத்தனை ஓட்டு என்பதைத் தம்பிமார்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறீர்கள். எந்த வீட்டில் எத்தனை பேர் துபையில், எத்தனை பேர் சவூதியில் என்பதும் தெரியும். எத்தனை வீட்டில் எழுந்து நடமாட முடியாத ஒருவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறார் என்று யாராவது சொல்ல முடியுமா? நானும் இரண்டு நண்பர்களும் போன மாதம் தெருத் தெருவாகப் போய் விசாரித்து எழுதினோம். நோட்டின் முதல் பக்கம் நிறைந்து அடுத்த பக்கமும் போயிற்று. நாற்பது வருஷமாக நான் நடந்து போகும் தெரு. அந்தப் பெயர்களில் பாதி எனக்கே புதுச் செய்தி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம். அதற்குப் பிறகு நாம் யாரும் இளமையாகிவிடவில்லை. ஆகவே இது பக்கத்து வீட்டுக்காரர் பிரச்சினை என்று எழுந்து போய்விட முடியாது.

என் வாப்பாவின் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப் போயிற்று. உம்மா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார்கள். பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். இருவர் வளைகுடாவில், ஒருவர் மலேசியாவில், நான் சென்னை மண்ணடியில் கடையில். ஊரில் இருந்தது கடைசித் தம்பியின் மனைவியும் இரண்டு கைக்குழந்தைகளும்தான். நாங்கள் என்ன செய்தோம்? நல்ல பிள்ளைகள் செய்வதைச் செய்தோம். தலைப்பக்கம் உயர்த்தும் கைப்பிடிக் கட்டில் வாங்கினோம். அறைக்கு ஏசி போட்டோம். சென்னையில் ஓர் ஏஜென்சி மூலம் இரவு பகல் கூடவே இருக்க ஒரு பையனை அமர்த்தினோம். மாதச் செலவை நான்காகப் பிரித்துத் தேதி தவறாமல் அனுப்பினோம்.

தினமும் இஷாவுக்குப் பிறகு வீடியோவில் வாப்பாவைப் பார்ப்போம். அந்தப் பையன் போனைப் பிடிப்பான். சவரம் செய்த முகம், வெள்ளைத் தொப்பி, நெற்றியில் பவுடர். நான்கு நாட்டிலிருந்து நான்கு மகன்கள் அந்த முகத்தைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். முகத்துக்குக் கீழே எப்படி இருக்கிறது என்று நாங்கள் ஒருவரும் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை இரவு சொல்லாமல் பஸ் ஏறி, சுபுஹுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தேன். அறைக் கதவைத் திறந்ததும் அத்தர் வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாடை. போர்வையை விலக்கி, அந்தப் பையனும் நானுமாக வாப்பாவைச் சாய்த்தோம். முதுகெலும்பு முடியும் இடத்தில் ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவுக்குக் குழி. அதற்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எலும்பு என்று பிறகுதான் சொன்னார்கள்.

நான் செய்த முதல் வேலை அந்தப் பையனை அடிக்கக் கை ஓங்கியது. அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன். விடிந்ததும் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாவை அழைத்து வந்தேன். அவர் சத்தம் போடவில்லை. பையனைப் பார்த்து, "எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புவே?" என்று கேட்டார். "திருப்பணும்னு யாரும் சொல்லலையேக்கா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் புள்ள எப்போ தூங்குது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "லீவு எப்போ குடுத்தீங்க?" அதுவும் தெரியவில்லை. சாப்பாடு எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான், குளிக்க எவ்வளவு நேரம், அந்த நேரம் வாப்பாவோடு யார் இருப்பது, எதற்குமே என்னிடம் பதில் இல்லை. நாற்பது நாளாக ஒரே ஆள், இரவும் பகலும். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு அரைத் தூக்கம். ஏஜென்சியில் கொடுத்த பயிற்சி இரண்டு நாள். ரத்த அழுத்தம் பார்க்கவும், வீட்டாரிடம் மரியாதையாகப் பேசவும் சொல்லிக் கொடுத்தார்களாம். நாங்கள் அனுப்பிய பணத்தில் பாதி கூட அவன் கைக்குப் போகவில்லை.

கடையில் ஒரு பையனை வேலைக்கு வைத்தால் கல்லாவில் உட்கார விடுவதற்கு முன் ஆறு மாதம் பார்க்கிறோம். வாப்பாவை ஒப்படைக்க ஒரு போன் பேச்சு போதுமாக இருந்தது எனக்கு.

அந்தப் புண் சுருங்க மாதங்கள் ஆயின. முழுதாக ஆறவே இல்லை. வாப்பா மௌத்தான அன்று குளிப்பாட்ட நம் இளைஞர்கள் நால்வர் வந்தார்கள். இங்கேயும் அவர்களில் இருவர் இருக்கிறார்கள். தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணியால் மறைத்து, கையில் துணி சுற்றிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் தங்கள் கையில் ஊற்றிப் பார்த்து, இடது பக்கமும் வலது பக்கமும் மெல்லச் சாய்த்து, வலிக்குமோ என்று அஞ்சுகிறவர்களைப் போலச் செய்தார்கள். அந்தப் புண் வந்தபோது ஒரு தம்பி ஒன்றும் பேசாமல் பஞ்சு வைத்து மூடினார். நான் மூலையில் நின்று அழுதேன். பிரிவுத் துயரம் என்று நினைத்து என் தோளைத் தட்டினீர்கள். இத்தனை பக்குவமான கைகள் மூன்று வீடு தள்ளி இருந்திருக்கின்றன, வாப்பாவுக்கு வலி தெரிந்த காலத்தில் ஒரு நாள் கூட அவற்றை நான் கூப்பிடவில்லையே என்றுதான் அழுதேன்.

யோசித்துப் பாருங்கள். நம் சமுதாய அமைப்புகள் ஊருக்கு ஊர் ஆம்புலன்ஸ் ஓட்டுகின்றன. ஜனாஸாவுக்குக் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது, சந்தூக்கு இருக்கிறது, கஃபன் துணி எப்போதும் கையிருப்பில் இருக்கிறது. 2020, 2021 கொரோனா காலத்தில் பெற்ற பிள்ளைகளே கிட்டே வர அஞ்சிய உடல்களை, எந்த மதம் என்று பாராமல் தூக்கிப் போய் நல்லடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். நாடே பார்த்துப் பாராட்டியது. அப்படிப்பட்ட ஊரில், உயிரோடு கிடப்பவருக்கு இரவல் கொடுக்க ஒரு காற்றுப் படுக்கை இல்லை. வயது முதிர்ந்த ஓர் உம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் வகை தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் கூட இல்லை.

இரண்டு மணி நேரம்

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு, கை கால் எதையும் அசைக்காமல், இடுப்பை இப்படி அப்படி நகர்த்தாமல் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று பாருங்கள். கால் மணி நேரத்தில் புட்டமும் குதிகாலும் நகரச் சொல்லிக் கெஞ்சும். நாம் தூக்கத்திலும் நம்மை அறியாமல் புரண்டு கொள்கிறோம். பக்கவாதம் வந்தவருக்கு உடல் அந்தச் செய்தியைச் சொல்வதில்லை, அல்லது சொன்னாலும் புரள முடிவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் உயிரோடு இருக்கும்போதே அழுகத் தொடங்குகிறது. படுக்கைப் புண் என்பது அதுதான். நோயால் வருவதல்ல, பெரும்பாலும் கவனிப்பில் உள்ள குறையால் வருவது என்று 1859-லேயே புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் எழுதி வைத்துவிட்டார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுவது பொதுவான கணக்கு. இடது பக்கம், மல்லாந்து, வலது பக்கம். முழுதாக ஒருக்களிக்க வைத்தால் இடுப்பெலும்பு மேல் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாக வைக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். பிடித்து இழுக்கக் கூடாது, தோல் உரிந்துவிடும். இடுப்புக்குக் கீழே நாலாக மடித்த விரிப்பைப் போட்டு வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். கவனியுங்கள், இரண்டு பேர். ஒரு பெண் தனியாகச் செய்தால் அவளுடைய முதுகு போய்விடும். எத்தனை மருமகள்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று டாக்டர்களைக் கேளுங்கள்.

தினமும் ஒரு முறை உடல் முழுதும் பார்க்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், முழங்கை, தோள்பட்டை, தலையின் பின்புறம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் கருத்து, சூடாக, கெட்டியாக இருக்கும். கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் தவறு. உள்ளே நசுங்கிய சதை அதனால் மேலும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை வாங்கி வைப்பதும் அப்படித்தான். காற்றுப் படுக்கை நல்லது, ஆனால் அது வந்துவிட்டதால் திருப்ப வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சாப்பாடு ஊட்டுவதில் நம் ஆட்களுக்கு அவசரம். படுத்த வாக்கில் வாயில் கஞ்சியை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் எத்தனையோ நோய்களின் தொடக்கம் அந்தக் கரண்டி. உட்கார்த்தி வைத்து, சின்னக் கரண்டியால், விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். புரை ஏறினால் நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வாயை இரண்டு வேளையும் துடைக்க வேண்டும். வாயால் சாப்பிடாமல் குழாய் மூலம் உணவு போகிறவருக்கும் வாயைத் துடைத்தாக வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையையும் தொடக் கூடாது. வண்டியில் ஏற்றும்போது பையை வயிற்றின் மேல் வைத்துவிடுகிறோம். வெளியே வந்த மூத்திரம் திரும்பி உள்ளே போய்க் காய்ச்சலைக் கொண்டுவருகிறது. சர்க்கரை நோயாளியின் காலுக்கு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். அவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். டயப்பர் விஷயத்தில் நம் வியாபாரப் புத்தி வேலை செய்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு என்று கணக்கு வைத்துக் கொடுக்கிறோம். நனைந்தால் மாற்ற வேண்டிய பொருளுக்குக் கணக்கு எப்படி வரும்? ஒரு டயப்பரில் மிச்சம் பிடித்ததைப் புண்ணுக்குக் கட்டுப் போடச் செலவழிக்கிறோம்.

இன்னொன்று. அவரைத் தொடுவதற்கு முன் சொல்லுங்கள். "வாப்பா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்று ஒரு வார்த்தை. நினைவு தப்பியவர் என்றாலும் சொல்லுங்கள். கழுவும்போது கதவைச் சாத்துங்கள், தேவையான இடத்தை மட்டும் திறந்து மற்றதை மூடுங்கள். மய்யித்துக்கு மறைக்கிற அவ்ரத்தை உயிரோடு இருப்பவருக்குத் திறந்து போட்டு, வாசலில் பேரப்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கக் கழுவுகிறோம். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கத் தெரிந்த நமக்கு, சொந்த வீட்டில் அது தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது. எழுபத்தைந்து வயது வரை தலைத்துணி விலகாமல் வாழ்ந்த உம்மாமார்கள் அந்த நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள், பார்த்திருக்கிறீர்களா?

தொழுகையையும் சொல்ல வேண்டும். என் வாப்பா படுக்கையில் விழுந்த சில வாரங்களில் தொழுவதை நிறுத்திவிட்டார்கள். தொப்பி மட்டும் தலையில் இருந்தது. அக்கறை போய்விட்டது என்று நாங்கள் எண்ணினோம். குழறிய பேச்சைப் பொறுமையாகக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. குழாய் போட்டிருக்கிறது, உடம்பு நஜீஸ், இந்த நிலையில் எப்படித் தொழுவது என்ற கூச்சம். நம் இமாமை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகைகளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். தண்ணீர் ஆகாதென்றால் தயம்மும், உட்கார முடியாதென்றால் படுத்தபடி, தலை அசைக்க முடியாதென்றால் கண் ஜாடையால். நீர்க்கசிவு நிற்காதவர் அந்த நிலையிலேயே தொழலாம். வாப்பாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அன்று முதல் ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் யாராவது ஒருவர் விரிப்பை மாற்றி, துடைத்துவிட்டு, தயம்முமுக்குக் கையைப் பிடித்துக் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. ஐந்து வேளை அப்படிச் செய்யும்போது ஐந்து வேளையும் உடம்பைப் பார்த்ததாகவும் ஆயிற்று.

யார் தலையில் விழுகிறது?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழும் வழக்கம். அங்கே இந்த வேலை மகள் தலையில் விழுகிறது. மற்ற ஊர்களில் மருமகள் தலையில். எந்த ஊரிலும் மகன் தலையில் விழக் காணோம். பெற்றோரிடம் 'சீ' என்ற சொல்லைக் கூடச் சொல்லாதே என்ற இறைக் கட்டளையை மேடையில் கேட்டுத் தலை ஆட்டுகிறோம். அந்தக் கட்டளை வந்தது யாருக்கு? பிள்ளைகளுக்கு. மாமனார் மாமியாருக்கு மருமகள் செய்வது அவள் மனமுவந்து செய்யும் உபகாரம், பொறுப்பு மகனுடையது என்றுதான் மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். நாம் நம் கடமையை அவள் மேல் ஏற்றிவிட்டு, அவள் ஒரு நாள் முணுமுணுத்தால் குணம் சரியில்லை என்கிறோம். இரவு மூன்று தடவை எழுந்த பெண் காலையில் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டுமென்றால் எப்படி?

பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. கவனிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. பராமரிப்பதாக நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறவும் வழி உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் நாங்கள் நால்வரும் அந்தச் சட்டத்தின் முன் குற்றமற்றவர்கள். பணம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததே!

கூலிக்கு ஆள் வைப்பது தவறென்று நான் சொல்லவில்லை. வைக்காமல் முடியாத வீடுகள் பல. வைக்கிறவர்கள் என்ன கேட்டு வைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. எத்தனை நாள் பயிற்சி, யார் கொடுத்தது? படுக்கையில் கிடப்பவரைத் திருப்பியிருக்கிறாரா? நாம் கொடுக்கும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகும்? அவர் தூங்கும் நேரம் எது, அப்போது வீட்டில் யார் பொறுப்பு? வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பில் மாற்று ஆள் உண்டா? இதற்குப் பதில் சொல்லாத ஏஜென்சியிடம் போனை வைத்துவிடுங்கள். வந்தவருக்குப் படுக்க இடமும் வீட்டில் ஆக்கிய அதே சோறும் கொடுங்கள். கட்டில் தலைமாட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பியது, என்ன சாப்பிட்டார், மூத்திரம் எவ்வளவு, தோல் எப்படி இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வீடியோவில் முகத்தைப் பார்ப்பதோடு அந்த நோட்டின் பக்கத்தையும் காட்டச் சொல்லட்டும். முதுகையும் காட்டச் சொல்லட்டும், வாப்பாவிடம் அனுமதி கேட்டு.

இங்கிலாந்தில் வயதானவர்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் குளிப்பாட்டும், உடை மாற்றும் நிறுவனங்களை அரசு ஆணையம் ஒன்று சோதிக்கிறது. பாதுகாப்பாக இருக்கிறதா, பரிவோடு செய்கிறார்களா என்றெல்லாம் பார்த்து நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்து ஊரறிய வெளியிடுகிறது. 2022 முதல் 2025 வரை அந்த வேலைக்கு வெளிநாட்டுக்காரர்களுக்கு விசா கொடுத்தார்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவன் அப்படிப் போனான். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை, கால் மணி நேரத்தில் ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடச் சொல்கிறார்கள் என்று சொல்வான். ஆனாலும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் முந்தின ஆள் எழுதிய குறிப்பைப் படிக்க வேண்டுமாம். "மாமா, நம்ம மூமாவுக்கு அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தா..." என்று போனில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். நம் ஊரில் எந்த அதிகாரியும் கட்டிலருகே வந்து தரம் பார்த்ததில்லை. நாமாவது பார்க்க வேண்டும்.

மலப்புறத்தில் நடந்தது

தூரத்துக் கதை வேண்டாம், பக்கத்துக்கு வருவோம். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் இன்னும் சிலரும் சேர்ந்து வலி தணிப்புக்கான ஒரு சங்கம் தொடங்கினார்கள். நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் சில. வீட்டில் கிடக்கும் நாள் பல. அந்தப் பல நாளை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி மலப்புறம் மாவட்டத்திலும் சுற்றுப்புறங்களிலும் ஊர்க்காரர்களே அதற்குப் பதிலாக வந்தார்கள். மாணவர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டுப் பெண்கள். 16 மணி நேர வகுப்பு, நான்கு நாள் தேர்ந்தவர்களோடு வீடு வீடாகப் போய்ப் பழகுதல். அதற்குப் பிறகு வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். செலவுக்குப் பெரிய செல்வந்தரைத் தேடிப் போகவில்லை. கடைகளில் உண்டியல் வைத்தார்கள், மாதம் பத்து ரூபாய் இருபது ரூபாய் என்று திரட்டினார்கள். முஸ்லிம்கள் அதிகமாக வாழும் மாவட்டம்தான் அது. ஆனால் கட்டிலில் கிடப்பவர் எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. 2008-இல் கேரள அரசே இதை ஏற்றுக் கொள்கையாக அறிவித்தது. பிறகு பஞ்சாயத்துகளின் வேலையாகவும் ஆயிற்று.

நம் மாநிலத்திலும் வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிப்புச் சேவையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் வீட்டிலேயே கொடுப்பதும் அதில் அடக்கம். நம் நோட்டில் எழுதிய பெயர்களில் பெரும்பாலானவை ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலில் ஏறவில்லை. ஏற்றச் சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லாததுதான் காரணம். அந்த நோட்டை நான் அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

வணிகப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு காற்றுப் படுக்கை, இரண்டு சக்கர நாற்காலி, ஒரு கைப்பிடிக் கட்டில், ஓர் ஆக்ஸிஜன் கருவி. பைத்துல்மால் அறையில் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன். தேவைப்படும் வீடு இரவல் வாங்கிப் பயன்படுத்தித் துடைத்துத் திருப்பித் தரட்டும். என் வாப்பாவின் கட்டிலை அங்கே கொண்டுவந்து போட்டாயிற்று. படுக்கை உங்கள் பங்கு.

தம்பிமார்களே, நலம் விசாரிக்கப் போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிப் போகிறீர்கள். அந்த வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள், ஹார்லிக்ஸ் கடையே வைக்கலாம். இனிப் போகும்போது கட்டிலின் மறுபக்கம் நின்று விரிப்பின் இரண்டு முனையைப் பிடியுங்கள். தெருவுக்கு நான்கு பேர் இருந்தால் ஒருவர் முறை வாரத்தில் இரண்டு தடவைதான் வரும். பெண்களுக்குப் பெண்கள் வேண்டும். என் மனைவியும் என் தம்பி மனைவியும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தம்பி மனைவிக்குத்தான் இதில் அனுபவம் அதிகம், எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸா மண்டபத்தில் அந்த நர்ஸ் அம்மா வருகிறார். ஆண்களுக்கு அஸர் முதல் மஃரிப் வரை. பெண்களுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அதே மண்டபம், நடுவில் திரை. ஒரு பழைய பெட்ஷீட்டும் இரண்டு தலையணையும் கொண்டு வாருங்கள். கட்டிலில் படுத்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார்கள். நான் படுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தொண்ணூறு கிலோ இருக்கிறேன், நன்றாகப் பழகிக்கொள்வீர்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக மோதினார் அறையில் நோட்டு இருக்கிறது. பெயருக்கு எதிரே எந்தக் கிழமை, எந்த நேரம் என்று எழுத ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதையும் நிரப்பிவிட்டுப் போங்கள்.